தம்பி கட்டிய கடல்

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் கடைசி வாரம். கனடாப் பயணத்துக்காகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது ரொறன்ரோவிலிருந்து தம்பி அழைத்தான். ஒடியல் மா, பனாட்டு, கருவாடு என்று வழமையான பட்டியலைச் சொல்லப்போகிறான் என்றே எண்ணினேன்.

"அண்ணை, ஒண்டும் வேண்டாம். எங்கடை கடற்கரையிலை கிடக்கிற முருகைக்கல் ஒண்டு கொண்டு வாங்கோ. உள்ளங்கை அளவு போதும்."

நிலக்கீழறையில் பெரிய கடல்நீர்த் தாங்கி ஒன்று கட்டப்போவதாகவும், மற்றக் கற்களின் நடுவே ஊர்க் கல் ஒன்று இருந்தால் நல்லது என்றும் சொன்னான். நான் சற்று நேரம் பேசாமலிருந்தேன். பின்னர் முடியாது என்றேன்.

காரணம் இருந்தது. முருகைக்கல் அகழ்வதையும், சேர்ப்பதையும், வைத்திருப்பதையும், கொண்டுசெல்வதையும் கரையோர வலயத்துள் தடைசெய்யும் திருத்தச் சட்டம் 1988இல் இலங்கையில் வந்தது. கல்முருகைகள் அனைத்தும் சைற்றிஸ் எனப்படும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பிலும் உள்ளன. இவை பற்றியெல்லாம் பத்திரிகையில் எழுதியவன் நான். 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவையின் முருகைகள் வெளிறி இறந்தபோது போய்ப் பார்த்து எழுதினேன். ஆழிப்பேரலைக்குப் பின்னர் 2005இல் வெளியான ஆய்வொன்று, முருகைக்கற்கள் அகழப்பட்டிருந்த பெரலிய கரையில் அலை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே புகுந்ததையும், சில கிலோமீற்றர் தள்ளி, கற்கள் காக்கப்பட்ட ஹிக்கடுவையில் ஐம்பது மீற்றர் அளவோடு நின்றதையும் காட்டியது. அந்தப் பெரலியவில்தான் தொடருந்து அள்ளுண்டு போனது. அதையும் எழுதினேன். எழுதிய கையால் ஒரு கல்லைப் பயணப்பெட்டிக்குள் ஒளிக்க என்னால் இயலவில்லை.

"சரி அண்ணை," என்றான் தம்பி. அந்தச் "சரி"யின் தொனி எனக்குப் பழக்கமானது. பத்து ஆண்டுகளுக்கு முன்னரும் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

எங்கள் வீடு மயிலிட்டிக்கு அண்மையில், கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் இருந்தது. அப்பா வள்ளம் வைத்திருந்தவர். 1990 ஜூன் மாதம் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எனக்கு வயது பத்தொன்பது, தம்பிக்குப் பதின்மூன்று. நான்கு நாளில் திரும்பலாம் என்று வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு வந்தோம். உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் அந்தக் கரை எங்களுக்கு மூடப்பட்டது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது 2017இல். அப்பா அதைக் காணவில்லை. 2011இல், மல்லாகத்துக்கு அருகில் ஒரு வாடகை வீட்டில் அவர் காலமானார். கடற்றொழிலாளி ஒருவர் தோட்டக் காணிகளின் நடுவே இருபது ஆண்டுகள் எப்படி வாழ்ந்தார் என்பதைத் தனியே எழுதவேண்டும்.

நான் பல்கலைக்கழகம் போய்க் கலைப் பட்டம் பெற்றுப் பத்திரிகைக்காரன் ஆனேன். தம்பி 1998இல் கனடா போனான். 2010இல் தன் அடுக்குமாடி வீட்டில் நடுத்தர அளவான கடல்நீர்த் தாங்கி ஒன்றை வைத்தான். 2013 டிசெம்பரில், நத்தாருக்கு மூன்று நாட்கள் இருக்கையில், ரொறன்ரோவில் உறைபனி மழை பொழிந்தது. மரக்கிளைகள் பனியின் பாரம் தாங்காது முறிந்து மின்கம்பிகளில் விழுந்தன. நகரில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் மின்சாரத்தை இழந்தன. சில இடங்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்களாயின. தம்பி வீடும் அவற்றில் ஒன்று.

மின்சாரம் நின்றால் தாங்கி முதலில் குளிரால் சாவதில்லை, மூச்சுத் திணறியே சாகிறது. பம்பிகள் நின்றவுடன் நீர் அசைவதில்லை. அசையாத நீரில் ஒட்சிசன் கரைவது குறைகிறது. முருகைகளும் மீன்களும் கற்களில் வாழும் கோடிக்கணக்கான பற்றீரியாக்களும் எஞ்சியதைச் சில மணித்தியாலங்களில் உறிஞ்சி முடித்துவிடுகின்றன. தம்பியும் மனைவியும் கம்பளி உடுத்துக்கொண்டு இரண்டு இரவுகள் குவளையால் நீரை அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினார்கள். மூன்றாம் நாள் எல்லாம் செத்தன.

அன்று அவன் எனக்கு அழைத்தான். நான் செய்தியறையில், பக்கங்கள் அச்சுக்குப் போகும் நேரத்தில் இருந்தேன். அழுகிற குரலில் அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மீன்தானேயடா," என்றேன். "சரி அண்ணை," என்றான். அதற்குப் பின்னர் பத்து ஆண்டுகள் அவன் என்னிடம் மீன்தாங்கி பற்றிப் பேசவில்லை.

மே மாதம் நான் போய் இறங்கியபோது ஸ்காபரோவில் அவனது வீட்டின் நிலக்கீழறை வெறுமையாக இருந்தது. சுவரில் மட்டும் வரைபடங்கள் ஒட்டப்பட்டிருந்தன. தாங்கி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். 680 லீற்றர் கொள்ளும். நீரின் நிறையே 700 கிலோவுக்கு அண்மித்தது. கண்ணாடி, கல், தாங்குசட்டம், கீழே வைக்கும் இரண்டாவது தொட்டி எல்லாம் சேர்ந்தால் ஒரு தொன்னைத் தாண்டும். மேல்மாடியின் மரத்தளத்தில் இதை வைப்பதற்குப் பொறியியலாளரைக் கேட்கவேண்டும். நிலக்கீழறையில் கொங்கிறீற்றுத் தளம் என்பதால் அங்கேதான் வைக்கவேண்டும் என்று முடிவு செய்திருந்தான்.

"கண்ணாடி வாங்க முன்னம் ஒரு வேலை இருக்கு அண்ணை," என்றான். கடதாசி மட்டைகளை ஒட்டித் தாங்கியின் அளவில் ஒரு பொய்ப்பெட்டி செய்தோம். அதைத் தூக்கிக்கொண்டு படிகளில் இறங்கினோம். திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. கைப்பிடியைக் கழற்றிய பிறகே இறங்கியது. பெருந்தொகை கொடுத்துக் கண்ணாடியை வாங்கி வந்து படியில் நின்று விழிப்போர் பலர் உண்டாம்.

தம்பியின் மனைவி தேநீர் கொண்டு வந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார். "அத்தான், நீங்களாவது சொல்லுவியள் எண்டு இருந்தன். இந்தக் காசுக்கு மேலை குசினியை முழுக்கத் திருத்தலாம்," என்றார். ஆனால், மின்பிறப்பாக்கி வாங்கும் பணத்தை முதலில் ஒதுக்கிவைத்தவர் அவர்தான் என்பதைப் பின்னர் அறிந்தேன். குவளையால் அள்ளி ஊற்றிய இரவுகளை அவரும் மறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை உறவினர் ஆறுபேர் கூடி, உறிஞ்சுபிடிகளைக் கண்ணாடியில் பொருத்தித் தாங்கியை இறக்கினோம். ஒருவர் "அரோகரா" என்றார். தேர் இழுப்பது போலத்தான் இருந்தது. நீர்மட்டம் வைத்துப் பார்த்து, ஒரு மூலையின் கீழ் மெல்லிய தகடு செருகிச் சமப்படுத்தினோம். சமமற்ற சட்டத்தில் நிற்கும் தாங்கியின் பொருத்துகள் என்றோ ஒருநாள் விடும் என்றான். பின்னர் சாதாரண குழாய்நீர் நிரப்பி ஒரு வாரம் கசிவு பார்த்தோம்.

மேலே மக்கள் காண்பது ஒரு தாங்கி. உயிர் இருப்பது அதன் கீழுள்ள தொட்டியில்தான். மேல் தாங்கியிலிருந்து வழியும் நீர் கீழ்த் தொட்டிக்கு இறங்குகிறது. அங்கே நுண்ணிய காற்றுக்குமிழ்களைச் செலுத்தி அழுக்கை நுரையாக்கி ஒதுக்கும் ஸ்கிம்மர், வெப்பமூட்டி, நீரை மேலே அனுப்பும் பம்பி ஆகியவை இருக்கின்றன. பம்பி நின்றால் மேலே குழாய் வாய்க்கு மேலுள்ள நீரெல்லாம் கீழே வரும். அதைக் கொள்ளும் வெற்றிடம் கீழ்த் தொட்டியில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அறை வெள்ளக்காடாகும். எனவே எதையும் அழகுபார்க்கும் முன்னர் தம்பி மின்னை நிறுத்திப் பார்த்தான். நீர் இறங்கியது, ஏறியது, விளிம்புக்கு நான்கு விரற்கிடை கீழே நின்றது. ஐந்து தடவை நிறுத்திப் பார்த்தான். ஒவ்வொரு மின்கம்பியும் செருகுமிடத்துக்குக் கீழே தொய்ந்து பின்னர் மேலேறும்படி விட்டான். கம்பி வழியே வரும் நீர் செருகியினுள் போகாமல் தொய்விலேயே சொட்டிவிடும். மின்கசிவு கண்டவுடன் துண்டிக்கும் ஆளி, மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பி, வெளியே மின்பிறப்பாக்கி எல்லாம் தயாராகின. அழிவைப் பார்த்தவன் கட்டும் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் இருந்தது அது.

அடுத்தது தண்ணீர். நகரக் குழாய்நீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமைன் முருகைகளுக்கு நஞ்சு. எதிர்ச் சவ்வூடு பரவல் வடிகட்டியால், அளவுகருவி பூச்சியம் காட்டும்வரை தூய்மைப்படுத்திய நீரைச் சேகரிக்கவே நான்கு நாட்களாயின. அதில் ஏறத்தாழ 30 கிலோ செயற்கைக் கடலுப்பைக் கரைத்தோம். ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்பு, வெப்பநிலை 25 பாகை செல்சியஸ். நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். எங்கள் கடல்தான்.

"தண்ணி வத்தினால் உப்புத் தண்ணிதானே விடவேணும்?" என்று கேட்டேன்.

தம்பி சிரித்தான். "ஆனையிறவை மறந்திட்டீங்களோ? வத்துறது தண்ணி. உப்பு அங்கேயேதான் கிடக்கும். நல்ல தண்ணிதான் விடவேணும்."

கரையில் பிறந்த எனக்கு, உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்தச் சிறு கணக்கு தோன்றவில்லையே என்று வெட்கப்பட்டேன்.

இந்தக் கலைக்கு ஆசிய வேர் உண்டு. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்க்கற்களையும் சூரிய ஒளியையும் காற்றுக்குமிழ்களையும் மட்டும் கொண்டு முருகைகளை வளர்த்த விதத்தை 1961இல் எழுதினார். இயந்திரத்தைவிட, கல்லினுள் வாழும் நுண்ணுயிர்களே நீரைச் சுத்திகரிக்கின்றன என்பது அதன் சாரம். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், இன்னொருவகை அதை ஆபத்துக் குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இந்தக் குடிகள் கல்லில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். அவசரப்பட்டு மீன் விடுபவர் மீனைக் கொல்கிறார்.

தம்பி கடலிலிருந்து எடுத்த கல் எதையும் வாங்கவில்லை. மனிதர் செய்த செயற்கைக் கற்களையே வாங்கியிருந்தான். முருகைகளையும், தத்தம் தாங்கிகளில் வளர்த்தவற்றை உடைத்துத் துண்டுகளாகப் பரிமாறிக்கொள்ளும் உள்ளூர் நண்பர்களிடமே எடுப்பது என்று தீர்மானித்திருந்தான். முருகைக்கிளையின் ஒரு விரல் நுனியை வெட்டி ஒட்டினால் அது புதிதாக வளரும். "நீங்கள் எழுதினதையெல்லாம் வாசிச்சனான் அண்ணை," என்றான். நான் மறுத்த அந்த ஒரு கல்லைத் தவிர, கடலிடமிருந்து அவன் எதையும் கேட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கல் அடுக்கும் நாள் வந்தது. கற்களை உலர்ந்த நிலையிலேயே அடுக்கிப் பார்த்து, சரியென்று கண்டபின் ஒட்டுசாந்து பூசி இறுக்கவேண்டும். இடையே நீர் ஓட இடம் விடவேண்டும். கண்ணாடியில் கல் முட்டக்கூடாது. தம்பி இரண்டு மேடுகளாக அடுக்கினான். நடுவே ஒரு நீண்ட இடைவெளி. நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் தாழ்ந்து நீண்ட கல், வலப்பக்கம் நிமிர்ந்த கல். எங்கோ பார்த்த இடம்.

"இது வான் அல்லவா?" என்றேன்.

அவன் திரும்பவில்லை. "பின்னை?" என்றான்.

வடகரையில் பிறக்காதவர்களுக்கு இதை விளக்கவேண்டும். எங்கள் கரையை ஒட்டிக் கற்பார் நீண்டு கிடக்கும். வள்ளங்கள் கடலுக்குப் போகவும் திரும்பவும் அந்தப் பாரினூடே இருக்கும் ஒடுங்கிய நீர்ப்பாதையே வான். இருட்டிலும் காற்றிலும் வானைப் பிடித்து வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவருவதுதான் ஓட்டியின் திறமை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு வருவார் என்று ஊரில் சொல்வார்கள்.

தம்பியின் மகளுக்கு வயது பதினான்கு. அவள் கேட்டாள்: "பெரியப்பா, வான் எண்டால் ஆகாயம். இல்லாட்டி வாகனம். இது என்ன?" நான் சொன்னேன். அப்பப்பாவின் வள்ளத்தையும், விடியலில் அம்மா கரையில் காத்து நிற்பதையும், வானுக்குள் வள்ளத்தின் முகப்பு தெரிந்ததும் நாங்கள் ஓடுவதையும் சொன்னேன். தம்பி கல்லைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டு நின்றான்.

பின்னர் எங்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. அவன் வானை நேராக விட்டிருந்தான். அது கரையை நெருங்கும்போது மேற்கே வளையும் என்றேன் நான். இல்லை, நேர்தான் என்றான் அவன். பதின்மூன்று வயதில் பார்த்தவன் அவன், பத்தொன்பதில் பார்த்தவன் நான் என்று மூப்பைக் காட்டினேன். "நீங்கள் எப்பவும் புத்தகத்தோடைதானே இருந்தனீங்கள். அப்பாவோடை கடலுக்குப் போனவன் நான்," என்றான். அதில் உண்மை இருந்தது. நள்ளிரவு தாண்டியும் கற்களைப் பிரித்து அடுக்கினோம். இறுதியில் அவன் விட்டுக்கொடுத்தான். வான் மேற்கே வளைந்தது. சாந்து பூசி இறுக்கினோம்.

கை கழுவும்போது நான் சொன்னேன்: "அண்டைக்கு நான் மீன்தானே எண்டு சொல்லியிருக்கக்கூடாது."

"அதை இப்ப ஏன் அண்ணை," என்றான். சற்றுப் பொறுத்து, "அந்தத் தாங்கியிலையும் வான் இருந்தது," என்றான்.

ஜூலையில், அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்துக்கு இறங்கியபின், முதல் மீன்களை வாங்கக் கடைக்குப் போனோம். தாங்கியிலேயே பொரித்து வளர்த்த கோமாளி மீன் இணை ஒன்று வாங்கினான். இவற்றில் பெரியது பெண். அது இறந்தால் ஆண் பெண்ணாக மாறும். அடுத்து, கல்லில் படரும் அல்கா தின்ன மஞ்சள் நிற மீன் ஒன்று. பார்த்தவுடன் எனக்கு இனம் தெரிந்தது. ஓரா. ஊரில் சொதிக்குப் போகும் மீனின் உறவு. எண்பது டொலர் என்றார்கள். "அம்மா இருந்தால் எனக்குத்தான் ஏச்சு விழும்," என்றான் தம்பி. எந்த ஊர் ஓராவானாலும் முள் குத்தினால் கடுப்பு ஒன்றுதான் என்பதால் கவனமாகவே பிடித்தார்கள்.

மற்றொரு தொட்டியில், முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் செந்நிறச் சிறு இறால்கள் சில மீசையை ஆட்டிக்கொண்டிருந்தன. மீன்களின் உடலில் ஒட்டுண்ணிகளைத் தின்று துப்புரவாக்குபவை. எங்கிருந்து வருகின்றன என்று கடைக்காரரிடம் கேட்டேன். "சிறி லங்கா," என்றார்.

அலங்கார மீன் ஏற்றுமதியில் இலங்கைக்கு நெடுங்காலமாக இடமுண்டு என்பது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கண்ணாடியின் முன் நின்றபோது வேறொன்று தோன்றியது. எங்கள் மக்கள் தங்கள் கரையில் கால் வைக்க முடியாதிருந்த ஆண்டுகளில், கடலுக்குள் இறங்க அனுமதிச்சீட்டுக்காக வரிசையில் நின்ற ஆண்டுகளில், அதே தீவின் வேறொரு கரையிலிருந்து இந்த இறால்கள் விமானமேறி உலகெங்கும் போய்க்கொண்டிருந்தன. தம்பி நெடுநேரம் பார்த்துவிட்டு இரண்டை வாங்கினான். "ஊர்க்காரர்," என்றான். கல்லைக் கொண்டுவர மறுத்த நான் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. எனது கொள்கையில் ஓட்டை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நான் ஆகஸ்ட் இறுதியில் திரும்பும்போது கற்களில் பழுப்பு அல்கா படர்ந்து தாங்கி அழுக்காகத்தான் இருந்தது. புதுத் தாங்கி எல்லாம் அப்படித்தான், பொறுமை வேண்டும் என்றான். மென்முருகைத் துண்டுகள் சில மட்டும் ஒட்டியிருந்தான். அவற்றில் ஒருவகையில் பாலிதொக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கக்கூடும் என்பதால், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அவன் அவற்றைத் தொடுவதில்லை. கல்முருகைகள் ஓராண்டுக்குப் பிறகே. அவை எலும்பு கட்ட நீரிலுள்ள கல்சியத்தை எடுப்பதால், லீற்றருக்கு 420 மில்லிகிராம் அளவில் அதைப் பேணவேண்டும். ஞாயிறுதோறும் தகப்பனும் மகளும் சோதனைக்குழாய்களோடு இருந்து குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். அவள் தலைப்புகளைத் தமிழில் எழுதப் பழகியிருக்கிறாள்.

680 லீற்றர் நீர் எந்தக் கடலையும் காக்காது. 2023இல் தொடங்கிய நான்காவது உலகளாவிய முருகை வெளிறல், 1998இல் நான் கண்ணால் கண்டதைவிடப் பெரியது. கடலின் சூட்டைத் தணிக்க நிலக்கீழறையில் வழியில்லை. இதைத் தம்பியும் அறிவான். எனினும், வெப்பநிலை ஒரு பாகை கூடினால் என்ன நடக்கும் என்பதை என் கட்டுரைகளை விட அந்தத் தாங்கி அவனது மகளுக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

2025 ஆகஸ்டில் காணொளி அழைப்பில் அவள் காட்டினாள். கல்மேட்டின் உச்சியில் ஊதாநிறக் கிளைமுருகை மூன்று விரல் உயரம் வளர்ந்திருந்தது. "பெரியப்பா, பாருங்கோ, ஓரா வானுக்குள்ளாலை வருது," என்றாள். மஞ்சள் மீன் மேற்கே வளைந்து கண்ணாடியருகே வந்து நின்றது.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. கனடாவிலிருந்து திரும்பிய பின்னர் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் வீடிருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் பற்றைக்குள் கிடக்கிறது. கரையில் நின்று பார்த்தேன். கடல் கலங்கியிருந்ததால் ஒன்றும் விளங்கவில்லை. வலை பொத்திக்கொண்டிருந்த, அப்பாவோடு தொழில் செய்த முதியவர் ஒருவரிடம், அந்த நாளில் எங்கள் வான் எந்தப் பக்கம் வளைந்தது என்று கேட்டேன். அவர் ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: "கிழக்காலை, தம்பி. உன்ரை கொப்பர் கிழக்காலை ஒடிச்சுத்தான் வருவார்."

தம்பியிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சாந்து இறுகிவிட்டது, முருகைகள் ஒட்டிவிட்டன. இனிக் கல்லைப் பிரிக்க முடியாது. இதை வாசிக்கும்போது அவன் அறிந்துகொள்ளட்டும்.

"சரி அண்ணை," என்றுதான் சொல்வான். எந்தத் தொனியில் சொல்வான் என்று கேட்கவேண்டும் போலிருக்கிறது.